விளக்குப் பார்க்கப் போனவள்

எங்கள் கல்லூரியில் புத்தகத்துக்குள்ளிருந்து ஒருத்தி எழுந்து வந்து ஒரு பருவம் முழுக்க எங்களோடு இருந்தாள் என்று சொன்னால், வெளியூர்க்காரர்கள் எல்லோரும் ‘அப்படியா, எப்படி வந்தாள்?’ என்றுதான் கேட்கிறார்கள். எப்படி வந்தாள் என்பதா விஷயம், வாசல் வழியாகத்தான் வந்தாள், செருப்பில்லாமல் வந்தாள், கால் நிறையக் கழிமுகத்துச் சேறு, அப்போதுதான் கூட்டித் துடைத்திருந்த வராந்தா முழுக்க அப்பிக்கொண்டே வந்தாள், ஆனால் வந்தவளை நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்கிற ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

என்னைச் சொல்லிவிடுகிறேன். நான் ஜெபமணி, பெண்கள் விடுதிக்கு வார்டன். அதற்கு முன்னால் ஆரம்பப் பள்ளியில் டீச்சராக இருந்து பிள்ளைகளை அதட்டி அதட்டித் தொண்டை கரகரத்துப் போனவள். கல்லூரியில் வகுப்பு நடத்திய எபனேசர் என் கூடப்பிறந்த தம்பி. கல்லூரி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். சிப்பித்துறைக் கடற்கரையில் உப்பு வியாபாரி ஒருவர் கட்டிப்போட்டுவிட்டுப் போன பங்களா, அதில் ஒரு பெரிய வட்டமேசை, சுற்றிலும் நாற்காலி, அவ்வளவுதான். நோட்ஸ் கிடையாது, பாடம் நடத்துவது கிடையாது, கரும்பலகை ஒன்று இருந்தது, அதில் மெஸ்ஸில் அன்றைக்கு என்ன மீன் என்று எழுதிப் போடுவோம். உலகத்தில் காலங்காலமாக நிலைத்து நின்ற பெரிய புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து, வாரம் ஒரு பகுதி படித்துவிட்டு வந்து, மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசுவார்கள், பேசுவார்கள், பேசிக்கொண்டே இருப்பார்கள், அதுதான் படிப்பு. மீன் ஏலத்துக்கு வருகிறவர்கள் எங்கள் பிள்ளைகளைப் பார்த்தால், ‘என்ன பிள்ளைகளா, இன்னைக்கி எவ்வளவு பேசினிய?’ என்று கிண்டலடிப்பார்கள்.

பேச்சுதானே என்று லேசாக நினைத்துவிடவும் வேண்டாம், என் தம்பி அதற்கு வைத்திருந்த ஒழுங்கு கோயில் ஒழுங்கு. புத்தகம் தொடங்குகிற அன்றைக்கு வாத்தியார் ஒரே ஒரு கேள்வி கேட்பார், அதோடு வாயை மூடிக்கொள்வார். அதற்கப்புறம் யாரும் கை தூக்க வேண்டாம். யாரையும் பார்த்து ‘நீ சொல்லு’ என்று கேட்கவும் கூடாது, அப்படிக் கேட்பது பந்தியில் சாப்பிடுகிறவன் இலையைப் பிடித்து இழுப்பது மாதிரி என்பான் எபனேசர். பேச வருகிறபோது அவரவர் பேசட்டும், வராவிட்டால் சும்மா இருக்கட்டும், சும்மா இருப்பவரைத் தொந்தரவு செய்யாமல் இருப்பதுதான் மரியாதை. ஆனால் வாயைத் திறந்து ஏதாவது சொல்லிவிட்டால், சுற்றி இருப்பவர்களில் ஒருவர் ‘எந்தப் பாட்டு?’ என்று கேட்பார், சொன்னவர் புத்தகத்தைத் திறந்து அந்த இடத்தில் விரலை வைத்துக் காட்ட வேண்டும், காட்ட முடியாவிட்டால் சொன்னது சொல்லாததற்குச் சமம்.

இதில் அவனுக்கு ஒரு வைராக்கியமே இருந்தது. முன்னே அவன் வேலை பார்த்த இடத்தில், அவன் சொல்வதை அப்படியே எழுதி, அப்படியே ஒப்பித்து, பரீட்சை முடிந்ததும் அப்படியே மறந்துபோன பிள்ளைகளைப் பார்த்து மனசு வெறுத்து வந்தவன். பெரிய மனுஷன் சொன்னான் என்பதற்காக எதையும் ஒத்துக்கொள்ளாதே, இந்த மேசைக்கு முன்னால் வாத்தியாரும் ஒன்றுதான், வள்ளக்காரன் மகனும் ஒன்றுதான், புத்தகம் மட்டும்தான் சாட்சி என்று அவன் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க எனக்கே பெருமையாக இருக்கும். அவனைத் திட்டப் போகிறேன் என்பதால் இதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்தப் பருவத்துக்கு அவர்கள் எடுத்தது கழிமுகக் காவியம். எழுதினவர் பேர் யாருக்கும் தெரியாது. கதை முழுக்க ஒரே ராத்திரியில் நடக்கிறது. தாழையாள் என்று ஒருத்தி, அவள் புருஷன் கப்பல் வணிகன், போனவன் திரும்பவில்லை. அந்தத் துறைமுகத்தில் ஒரு வழக்கம், தங்கள் ஊர்க் கப்பல் திரும்பி வருவது தூரத்தில் தெரிந்தால் மட்டும்தான் துறைவிளக்கை ஏற்றுவார்கள். அந்தி சாயும்போது தாழையாள் தன் தோழியைக் கூப்பிட்டு, விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு வா என்று அனுப்புகிறாள். அது ஒரே ஒரு அடி. அடுத்த அடியில் நிலா வந்துவிடும், அப்புறம் நிலாவும் அலையும் பழைய நினைப்பும் கண்ணீருமாகக் காவியம் விடிய விடியப் போகும், கடைசிக் காதையில், விளக்கு எரியவில்லை, அதனால்தான் போனவள் சொல்ல மனசில்லாமல் வராமலே இருக்கிறாள் என்று தாழையாள் தானாகவே முடிவு கட்டிக்கொண்டு கடலில் இறங்கிவிடுவாள், அவள் தலை தண்ணீருக்குள் மறைகிற நேரத்தில் அவன் கப்பல் துறைக்குள் நுழையும். எத்தனையோ தலைமுறை இதைப் படித்து அழுதிருக்கிறது, உரை எழுதியிருக்கிறது, தாழையாளின் கற்பைப் புகழ்ந்து மேடை மேடையாகப் பேசியிருக்கிறது.

எங்கள் இசக்கியம்மாள்தான், உப்பளத்து வீட்டுப் பிள்ளை, மனசில் பட்டதைப் பட்டென்று கேட்டுவிடுகிறவள், தோழியை அனுப்புகிற காதையைப் படித்த அன்றைக்கு மேசையில் கையை ஊன்றிக்கொண்டு, “அது சரி, விளக்குப் பாக்கப் போனவ என்ன ஆனா?” என்றாள். எல்லோரும் பக்கத்தைப் புரட்டினார்கள். ஷாகுல் என்று ஒரு பையன், ‘எந்தப் பாட்டு?’ என்று எல்லோருக்கும் முந்திக் கேட்கிறவன், நல்ல பையன், பொறுமையாகக் கடைசி வரைக்கும் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, “போனதுக்குத்தான் பாட்டு இருக்கு, வந்ததுக்கு இல்ல” என்றான்.

அடுத்த வாரம் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது அவள் வாசலில் வந்து நின்றாள். எபனேசர் “யாரும்மா?” என்றான். அவள், “விளக்குப் பார்க்கப் போனவள். நான் என்ன ஆனேன் என்று இங்கே கேட்டீர்களாம்” என்றாள். மேசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது, தாமதமாக வருகிற பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரியே அவன் “வந்து உக்காருங்க” என்றான், அவள் உட்கார்ந்தாள், பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

அன்றைக்குச் சாயங்காலமே விடுதியில் அவளுக்குக் கட்டில் போட்டாயிற்று. அலுவலகத்தில்தான் கொஞ்சம் இழுபறி, பேர் என்ன என்றால் காவியத்தில் பேர் வைக்கவில்லை, பிறந்த வருஷம் என்ன என்றால் சிரிக்கிறாள், கடைசியில் ‘தோழி’ என்றே அடையாள அட்டை போட்டுக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். பிள்ளைகள் ‘விளக்கக்கா’ என்று கூப்பிட்டார்கள். முதல் நாள் மெஸ்ஸில் மீன் குழம்பை வாயில் வைத்துவிட்டு ‘ஆ ஆ’ என்று துள்ளிக் குதித்துவிட்டாள் பாவம், அவள் காலத்தில் மிளகாய் ஏது, அதிலிருந்து அவளுக்கு மட்டும் மிளகு போட்டுத் தனிச்சட்டியில் வைத்தோம், வைத்தால் பாதிப் பிள்ளைகள் எங்களுக்கும் அதுதான் வேண்டும் என்று தட்டைத் தூக்கிக்கொண்டு நிற்கும். தலை பின்னுவதில் அவள் கையை யாரும் மிஞ்ச முடியாது. தெருவில் கல்யாணம் என்றால், அது தேவாலயத்துக் கல்யாணமானாலும் நிக்காஹ் ஆனாலும், பெண்ணுக்குத் தலை அலங்காரத்துக்கு அவளைத்தான் வந்து கூட்டிப் போவார்கள், போனவளுக்குத் தாம்பாளத்தில் வைத்துச் சேலை கொடுத்து அனுப்புவார்கள். கொஞ்ச நாள் வெளியூரிலிருந்து வேன் பிடித்து வந்து பார்த்தார்கள், அதற்குள் பக்கத்து ஊரில் திமிங்கிலம் ஒன்று ஒதுங்கிவிட்டதால் கூட்டம் அந்தப் பக்கம் போய்விட்டது. தமிழறிஞர்களும் வந்தார்கள். அந்தக் காலத்தில் கொண்டையில் என்ன பூ வைப்பீர்கள், முத்துக்கு எத்தனை பேர் சொல்வீர்கள் என்று கேட்டார்கள், அவள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். இவ்வளவு பேர் வந்து இவ்வளவு கேட்டார்களே, ஒருத்தருக்காவது அந்த ஒரு கேள்வி வாயில் வந்ததா என்றால், இல்லை.

நான் கேட்டேன். மெஸ்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்து இரண்டு பேரும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், “ஏட்டி, விளக்குப் பாக்கப் போனியே, பாத்தியா இல்லியா?” என்றேன்.

“பார்த்தேனே அம்மா.”

“எரிஞ்சுதா?”

அவள் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு, “கோவிச்சுக்காதீங்க” என்றாள். அதற்குள் எங்கள் பேச்சு அவளுக்கு ஒட்டிவிட்டது. “சேதிக்குப் போனவ சேதியை வழியில கொட்டக் கூடாது. அனுப்பினவங்க கேக்கணும், நான் சொல்லணும். ஓடி வந்த அவசரத்துல அவங்க வீட்டு வாசலைத் தப்ப விட்டுட்டேன். என்னைத் தேடிக் கேட்டது அந்த மேசை, அவங்க புத்தகமும் அங்கதான் திறந்து கிடக்கு. அந்த மேசையில ஒருத்தர் கேட்டாப் போதும், நான் சொல்றது என்னை அனுப்பின அம்மா காதுல விழுந்திரும். அங்க இன்னும் விடியலையே. அம்மா காத்திட்டிருப்பாங்க.”

காவியம் எப்படி முடிகிறது என்று அவளுக்குத் தெரியாது. அவளுக்கு எப்படித் தெரியும், அவள்தான் ஆரம்பத்திலேயே போய்விட்டாளே. வகுப்பு வாரம் ஒரு காதையாகப் படித்துக்கொண்டு கடைசியைப் பார்த்து நடந்துகொண்டிருக்கிறது, கடைசிக் காதைக்குள் யாராவது அவளிடம் கேட்டுவிட்டால் தாழையாள் கடலில் இறங்க வேண்டியதில்லை, கேட்காவிட்டால் இறங்குவாள். இதைவிட லேசான காரியம் உலகத்தில் உண்டா, ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்வி. வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டுத் தம்பியிடம் போனேன்.

“எபி, அந்தப் பிள்ளகிட்ட ஒரு வார்த்தை கேளு. விளக்கு எரிஞ்சுதான்னு கேளு.”

“அக்கா, நாங்க யாரையும் பேர் சொல்லிக் கேக்க மாட்டோம். அவங்களா பேசட்டும்.”

“கேட்டாத்தாம்லே அவ பேசுவா.”

“வந்தவங்கள நிமிண்டி நிமிண்டிப் பேசச் சொல்றதுக்கு அவங்க என்ன காட்சிப் பொருளா? ஊரெல்லாம் அதத்தான் செய்யிது. அந்த மேசையிலயாவது அவங்களுக்கு நிம்மதி இருக்கட்டும்.”

“அவ கையில சேதி இருக்குடா!”

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். பதில் சொல்லக் கஷ்டப்பட்டால் அப்படித்தான் துடைப்பான். “அது புத்தகத்துல இல்லாத சேதிக்கா” என்றான். “அத உள்ள விட்டா நாளைக்கு ஆளாளுக்கு ஒண்ணு கொண்டு வருவாங்க. எங்க மாமா சொன்னாரு, எங்க சாமி சொல்லிச்சின்னு வரும். அப்புறம் அந்த மேசை எதுக்கு?”

“உன் மேசையில இடி விழ” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஆனால் அவன் சொன்னதில் கெட்ட எண்ணம் எங்கே இருந்தது, அதுதான் என் வயிற்றெரிச்சல். கேட்காமல் இருப்பது அவனுக்கு மரியாதை, கேட்காமல் பேசாதிருப்பது அவளுக்கு மரியாதை, இரண்டு மரியாதையும் ஒரே மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து வாரக்கணக்காக ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன.

அந்த வாரத்துப் பகுதியைப் படித்துவிட்டு வராதவர்களுக்கு அந்த அறைக்குள் பேச இடமில்லை, நானோ காவியத்தைத் தம்பி வாயால் கேட்டவள்தான், அதனால் தேநீர் கொண்டுபோகிற சாக்கில் ஜன்னலோரம் நின்றுகொள்வேன். அவளை வைத்துக்கொண்டே அவளைப் பற்றிப் பேசுவார்கள். தோழி அலையில் அடித்துப் போயிருப்பாள், எட்டாம் காதையில் அலை கரையைத் தாண்டியது என்று வருகிறது என்பார்கள். இல்லை, தோழி என்பதே தாழையாளின் நம்பிக்கைக்கு ஒரு வடிவம்தான், அப்படி ஒருத்தி இருந்ததாகவே நினைக்க வேண்டாம் என்பார்கள். அவள் ஒவ்வொருவர் முகமாகத் திரும்பித் திரும்பிப் பார்ப்பாள். யாராவது பேச்சைக் கேள்வி போல இழுத்து முடித்தால் நிமிர்ந்து உட்கார்ந்து சேலையைச் சரிசெய்துகொள்வாள், அது தனக்கில்லை என்று தெரிந்ததும் முதுகு மறுபடி சாய்ந்துவிடும், தன் பஸ் என்று எழுந்து வேறு பஸ் என்று உட்காருகிறவள் மாதிரி. பார்க்கச் சகிக்காது.

இசக்கியிடம் சொன்னேன். அவள் திகைத்துப் போய், “அய்யய்யோ, நான் கேக்கேன் டீச்சரம்மா” என்றாள். அவள் கேட்கவும் துணிந்தாள், ஆனால் ஒவ்வொரு வாரமும் சார் முகத்தைப் பார்த்ததும் அவள் வாய் கட்டிப்போகும். யாரையும் கேட்காத மேசை என்பதால்தானே, பள்ளிக்கூடத்தில் எழுப்பி நிற்க வைத்துக் கேட்டதில் திக்கித் திக்கி அவமானப்பட்ட அந்தப் பிள்ளை அங்கே வந்து பேசவே கற்றுக்கொண்டது. “கடைசிக் காதைய வாசிச்சு முடிச்சதும் முத ஆளா கேட்டிருவேன், பாருங்க” என்றாள். வாசித்து முடித்ததும் கேட்டு என்ன செய்ய, வாசிக்கும்போதே தாழையாள் இறங்கிவிடுவாளே என்று எனக்கும் அந்த நேரத்தில் உறைக்கவில்லை.

கடைசிக் காதையை மட்டும் வாய்விட்டு வாசிக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். எபனேசர் வாசித்தான். அவன் குரல் நல்ல குரல், கோயிலில் வேதம் வாசிக்கிற குரல். நிலா இறங்கியது, கோழி கூவியது, தாழையாள் எழுந்து கூந்தலை முடிந்துகொண்டு மணலில் நடந்தாள், முதல் அலை அவள் காலைத் தொட்டது. அப்போதுதான் விளக்கக்காவுக்குப் புரிந்தது. நாற்காலி பின்னால் சாய்ந்து விழ எழுந்து, பிறந்ததிலிருந்து கேட்காமல் பேசியிராதவள், திறந்து கிடந்த புத்தகத்தைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினாள்.

“எரியுதும்மா! விளக்கு எரியுது! கப்பல் வருது, போகாதீங்க!”

ஜன்னலுக்கு வெளியே தேநீர்த் தட்டோடு நான் நிற்கிறேன். உள்ளே ஷாகுல், புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே, எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல், பழக்கத்தில், பணிவாக, “எந்தப் பாட்டு?” என்றான்.

கேட்டதுதான் தாமதம், மேசையைச் சுற்றி அத்தனை தலையும் குனிந்தது. என் தம்பி குனிந்தான், இசக்கியும்தான் குனிந்தாள், எல்லோரும் விரலை வைத்துக்கொண்டு அந்த வரியைத் தேடினார்கள். குனியாமல் இருந்தது நான் ஒருத்தி, என்னிடம் புத்தகம் இல்லை. அவள் அவர்களை ஒரு சுற்றுப் பார்த்தாள், பொய் சொல்லி மாட்டிக்கொண்டவள் போல முகம் சிறுத்துப்போய், “பாட்டுல இல்லீங்க” என்று மெதுவாகச் சொன்னாள், அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தாள், விழுந்த நாற்காலியை எடுத்து நிறுத்தினாள், வாசலைத் தாண்டி என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனாள். “ஏட்டி, நில்லு, நில்லுட்டி!” என்று தட்டைப் போட்டுவிட்டு ஓடினேன். தெருமுனை வரைக்கும் சேலைத் தலைப்பு தெரிந்தது, அப்புறம் தெரியவில்லை.

காட்ட முடியாதது சொல்லாததற்குச் சமம் அல்லவா. காவியத்தில் தாழையாள் எப்போதும் போல இறங்கினாள், கப்பல் எப்போதும் போல வந்தது, ஒரு எழுத்து மாறவில்லை. இசக்கி பல நாள் சாப்பிடாமல் கிடந்தாள். ஷாகுலைச் சொல்லி என்ன, அவன் அந்த இரண்டு வார்த்தையை அப்புறம் வாயில் எடுத்ததே இல்லை, வேறு வார்த்தையும் அதிகமாக எடுக்கவில்லை, படிப்பு முடிந்து போகும்போது என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனான். தம்பியோ நான் திட்டுவதற்கே இடம் வைக்காமல் மெலிந்துபோனான். வீட்டில் சோற்றைப் பிசைந்தபடி, “ஒரு கேள்விக்கா, ஒரே ஒரு கேள்வி” என்பான், நான் முன்னே சொன்ன வார்த்தையைத்தான் எனக்கே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஒரு முறை எடுத்த புத்தகத்தை அடுத்த வருஷம் எடுப்பதில்லை என்பது வழக்கம், அவன் எடுத்தான். புதுப் பிள்ளைகளிடம் முதல் நாளே அவன் கேட்ட கேள்வி, விளக்குப் பார்க்கப் போனவள் என்ன ஆனாள் என்பதுதான். ஒரு நாற்காலியைக் காலியாகப் போட்டு வைத்தான். இப்போது அந்த மேசையில் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம், உனக்கு என்ன தோன்றுகிறது, நீ ஏன் பேசாமல் இருக்கிறாய் என்று அவனே ஒவ்வொருவராகக் கேட்டான், அறைக்குள் வந்து உட்காரச் சொல்லி என்னையும் கேட்டான், கேட்டுக்கொண்டே கண் வாசலுக்குப் போகும். அவள் வரவில்லை. காதை காதையாகக் கழிந்து, மறுபடி கடைசிக் காதையை வாய்விட்டு வாசித்து முடித்தபோது, வராந்தாவில் சொட்டுச் சொட்டென்று சத்தம் கேட்டது.

வந்தது அவள் இல்லை. நெடுநெடுவென்று ஒருத்தி, பட்டும் நகையுமாக, முடிந்த கூந்தலிலிருந்து தண்ணீர் வடிய, தோளில் கடற்பாசி ஒட்டியிருக்க வாசலில் நின்றாள். பதில் வாங்கிப் பழகிய குரலில், “விளக்குப் பார்க்க ஒருத்தியை அனுப்பினேன்” என்றாள். “இந்தப் பக்கம் வந்தாளா?”

என் தம்பி எழுந்துவிட்டான். பிள்ளைகள் சரசரவென்று பக்கத்தைப் புரட்டினார்கள், “மூடுங்க” என்று அவன் சொன்னதில் எல்லாப் புத்தகமும் மூடிக்கொண்டது.

“வந்தாம்மா” என்றான்.

“என்ன சொன்னாள்?”

“விளக்கு எரியுதுன்னு சொன்னா. கப்பல் வருது, போகாதீங்கன்னு சொன்னா.”

“எப்போது?”

அவன் கண்ணாடியைக் கழற்றினான், துடைக்கவில்லை. “நீங்க இறங்குறதுக்கு முன்னால” என்றான்.

தாழையாள் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தாள், மெல்ல வந்து அதில் உட்கார்ந்தாள், அவள் சேலையிலிருந்து வடிந்த தண்ணீர் மேசைக்கடியில் எங்கள் கால்களைத் தொட்டது. “சொன்னாளா!” என்றாள். “சொல்லாமல் எங்கோ போய்விட்டாள், நன்றி கெட்டவள் என்று தண்ணீருக்குள் கிடந்து இத்தனை காலமும் அவளைத்தானே வைதுகொண்டிருந்தேன்.” வாயைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள், அப்புறம் முகத்தை நிமிர்த்தி, “எங்கே இருக்கிறாள் அவள்?” என்று கேட்டாள்.

என் தம்பி வாசலில் போய் நின்று தெருவைப் பார்த்தான், நான் அவளுக்குத் துண்டு எடுத்து வரப் போனேன்.